மர்ஜெனா வேலை கேட்கப் போன கதை

காலையிலிருந்து இது மூன்றாவது பாட்டில். முதல் இடத்தில் பிளம் பழ ஜாம் கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். இப்போது மறுபடியும் பிளம் பழ ஜாம். மர்ஜெனா அதை மடியில் வைக்கப் பார்த்தாள். மடி இருந்த இடத்தை வயிறு எடுத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அக்காவின் குட்டி ஃபியட்டில் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் வயிறு முன்பலகையைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது. பாட்டிலைக் காலடியில் மற்ற இரண்டுக்கும் நடுவே நிறுத்திவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"என்னடி சொன்னாங்க?" என்றாள் அக்கா லுட்சினா.

"சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்காங்களாம். பயப்படாம சாப்பிடலாமாம்."

"நான் ஜாமைப் பத்தியா கேட்டேன்? வேலை என்னாச்சு?"

"அந்தப் பேச்சே வரல, அக்கா."

"வரலன்னா நீ வர வெச்சிருக்கணும்."

மர்ஜெனா கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நெஞ்சு நோய் வார்டில் புண்ணுக்கு வைக்கிற துணியைச் சதுரம் சதுரமாக மடித்தே பழகின விரல்கள். வேலை போனதிலிருந்து வீட்டில் கையில் கிடைத்ததையெல்லாம் மடித்துக்கொண்டிருந்தன.

நர்ஸ் வேலைக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. வெளிநாட்டு வேலைக்கு எல்லையைத் திறந்துவிட்ட பிறகு நார்வேக்கும் இத்தாலிக்கும் அயர்லாந்துக்கும் நர்ஸுகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலும் 'நர்ஸ் தேவை' என்று அட்டை தொங்கியது. மழையில் நனைந்து எழுத்து கரைந்த அட்டைகூட இருந்தது. அந்த அட்டைகளைத் தாண்டி உள்ளே போன மர்ஜெனாதான் ஒவ்வொரு முறையும் பாட்டிலோடு வெளியே வந்தாள்.

அவள் கடைசியாக வேலை பார்த்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற ஒப்பந்தம். வயிறு தெரிகிற வரைக்கும் அவள் அங்கே தங்கமான பெண். தெரிந்த பிறகு, செப்டம்பரில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பூங்கொத்து கொடுத்துக் கன்னத்தில் முத்தமிட்டு அனுப்பிவைத்தார்கள்.

குழந்தை ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளை ஒட்டிப் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறக்கிற அன்று அவள் ஓர் இடத்தின் நிரந்தர ஊழியராக இருந்தாக வேண்டும். இருந்தால் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு, முடித்துத் திரும்பும்போது அவளுக்கென்று ஒரு இடம். இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை கேட்டுப் போன பெண்களை அவளுக்குத் தெரியும். இரண்டு பேர் இப்போது சந்தையில் கிழங்கு விற்கிறார்கள். ஒருத்தி இத்தாலியில் யாரோ ஒரு கிழவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள், அவள் குழந்தை இங்கே மாமியாரிடம் வளர்கிறது.

இந்தப் பாட்டில் சமாசாரத்துக்குக் காரணம் எலி.

கர்ப்பிணி வாய்விட்டு ஒன்றைக் கேட்டு, இல்லையென்று சொல்லிவிட்டால், சொன்னவர் வீட்டில் எலி புகுந்து துணிமணியையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். இந்த நாரெவ் ஆற்றுப் பக்கம் பிறந்த யாரும் இதை நம்புவதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சிரிப்பார்கள். சிரித்த கையோடு, கேட்டதைக் கொடுத்தும்விடுவார்கள். ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் விடுவார்கள், தோட்டத்து ஆப்பிளைக் கூடையோடு தூக்கித் தருவார்கள். வேலையை அப்படித் தூக்கித் தந்துவிட முடியுமா? அதனால் ஆஸ்பத்திரிகளில் ஆள் எடுக்கிற பெரிய சிஸ்டர்கள் எல்லோரும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது மாதிரி ஒரு வழி வைத்திருந்தார்கள். கேட்கவே விடுவதில்லை. வயிற்றைப் பார்த்ததும் எழுந்து வருவார்கள், நாற்காலி இழுத்துப் போடுவார்கள், பையனா பெண்ணா, புளிப்புப் பிடிக்கிறதா இனிப்புப் பிடிக்கிறதா, கால் வீங்குகிறதா என்று மூச்சு விடாமல் பேசுவார்கள். மர்ஜெனா வாயைத் திறக்கிற நேரத்தில் அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் திணித்து, தோளை அணைத்துக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

லுட்சினா முதலில் வேறு உபாயம்தான் செய்தாள். ஊரில் துணி திருத்தும் கடை வைத்திருப்பவள் அவள். பேண்ட் நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள். பள்ளிக்கூடத்தில் தையல் தவிர எதிலும் பாஸ் பண்ணியதில்லை என்று தானே சொல்லிக்கொள்வாள். தங்கைக்காகச் சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு தைத்தாள். தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கும். அதைப் போட்டுக்கொண்டால் ஏழு மாத வயிறு இருக்கிற இடமே தெரியாது. போன வாரம் அந்தக் கோட்டோடு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள் மர்ஜெனா. பேச்சு நன்றாகத்தான் போனது. அறையில் கணப்பு கொதித்தது. "ஏன் இப்படி வேர்க்குது? கோட்டைக் கழட்டி மாட்டுங்க" என்றார் அங்கிருந்த அம்மாள். மர்ஜெனா கழற்றமாட்டேன் என்றாள். அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அலமாரியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அக்காவின் திட்டம் தலைகீழாக மாறியது. இப்போதும் அதையே சொன்னாள்.

"இனிமே ஒளிக்க வேண்டாம். வயித்தைத் தள்ளிக்கிட்டுப் போ. உள்ள நுழையும்போதே 'எனக்கு வேலை கொடுங்க'ன்னு கேட்டுடு. அவங்க பாட்டிலைத் தேடறதுக்கு முன்னாடி. அப்புறம் எந்தக் கொம்பன் இல்லைங்கறான்னு பாக்கறேன்."

"எலியைக் காட்டி வேலை வாங்கச் சொல்றியா?"

"எதைக் காட்டினா என்ன? உனக்கு ஊசி போடத் தெரியாதா? நீ ஊசி போட்டா தூங்கற குழந்தை முழிக்காது. மாவட்டத்துக்கே தெரியும்."

"அதுக்காக எடுக்கட்டும். வயித்துக்குப் பயந்து எடுத்தா, நாளைக்கு வார்டுல எவளும் என்னை நர்ஸா பாக்க மாட்டா. எலியோட ஆளுன்னுதான் பாப்பா."

"ரோஷத்தைப் பாரு! உன் புருஷன் வால்டெக் ஸ்பெயின்ல தக்காளி லாரியில உக்காந்துக்கிட்டு என்ன நெனைப்பான்? அக்காக்காரி கூட இருந்தும் ஒண்ணும் பண்ணலன்னு நெனைக்க மாட்டான்?"

"அவர் தூங்கிட்டிருப்பார்."

லுட்சினா கியரைப் போட்டாள். கார் உறுமிக் குலுங்கிப் புறப்பட்டது. சாலையோரமெல்லாம் சாமந்தித் தொட்டிகள். அடுத்த வாரம் கல்லறைத் திருநாள், எல்லா ஊரிலும் பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். மர்ஜெனா கண்ணாடியை இறக்கினாள், குளிர் தாங்காமல் ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். இடுப்பு ஒரு பக்கம் வலித்தது. திரும்பி உட்கார்ந்தால் மறுபக்கம் வலித்தது. குழந்தையும் அவளைப் போலவே ஓர் இடத்தில் நிற்காமல் புரண்டுகொண்டிருந்தது.

இந்தச் சாலையில் பாக்கி இருந்தது ஓல்ஷின்கி முதியோர் இல்லம் ஒன்றுதான். அதற்கு அப்பால் காடு, காட்டுக்கு அப்பால் வேறு மாவட்டம், பஸ் போகாது.

இல்லம் கோதுமை வயலுக்கு நடுவே இருந்தது. அறுவடை முடிந்து வயல் மொட்டையாகக் கிடந்தது. இங்கேயும் வாசலில் அட்டை. லுட்சினா காரிலிருந்து இறங்கித் தங்கையின் காலரைச் சரிசெய்து, தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்து, பின்னால் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

"கேளு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

உள்ளே போனதும் எதிரே வந்தவள் சலவைக்காரி கெனியா. கையில் மடித்த போர்வைகள் தாடை வரைக்கும். வயிற்றைப் பார்த்ததும் போர்வையோடு நின்றுவிட்டாள்.

"யாரைப் பாக்கணும் கண்ணு? வேலைக்கா?"

"ஆமாங்க. பெரிய சிஸ்டர் இருக்காங்களா?"

"இருக்கா, இருக்கா. கஸிமியெரான்னு பேரு. ரூமுக்குள்ளதான் இருக்கா. இல்லைம்பா, நம்பாத." கெனியா குரலைத் தாழ்த்தினாள். கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரியான தாழ்ந்த குரல். "வசந்த காலத்துல இங்க சமையல்கட்டுல ஒரு பொண்ணு. உன்னை மாதிரிதான், ஆறு மாசம். உருளைக்கிழங்கு மூட்டை தூக்க முடியல, காய் நறுக்கற வேலைக்கு மாத்துங்கன்னு கேட்டா. கேட்டாளா? இவ முடியாதுன்னுட்டா. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே நின்னுட்டா. இப்ப வந்து பாரு என் துணி அறையை! விரிப்பு, தலையணை உறை, யூனிஃபார்ம், ஒண்ணு மிச்சமில்ல. கொறிச்சுக் கொறிச்சுப் பூ வேலை பண்ணி வெச்சிருக்கு."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "கெனியா! வயல்ல அறுப்பு முடிஞ்சா எலி உள்ள வராம மயிலா வரும்?"

"பாத்தியா, இருக்கா" என்றாள் கெனியா.

பெரிய சிஸ்டர் கஸிமியெரா கதவைத் திறந்தார். ஒல்லியான பெண், கண்ணாடி, பென்சிலைக் கொண்டையில் செருகியிருந்தார். அவர் பார்வை முகத்தில் தொடங்கி வயிற்றில் போய் நின்றது. அந்த நொடியிலேயே மர்ஜெனாவுக்குத் தெரிந்துவிட்டது.

"அடடா! வாங்க வாங்க, நிக்காதீங்க. எத்தனை மாசம்? ஏழா? பையன்தான், மேல ஏறி இருக்கு பாருங்க. டீ குடிக்கிறீங்களா? கசகசா கேக் இருக்கு. இங்க இருக்கற தாத்தா ஒருத்தரோட பேத்தி கொண்டாந்தது. பஸ்லயா வந்தீங்க? இந்தக் குளிர்லயா?"

"அக்கா கார்ல..."

"அக்கா! நல்லதாப் போச்சு. அக்கா இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க." பேசிக்கொண்டே அலமாரிப் பக்கம் நகர்ந்தார். கதவைத் திறந்தார். உள்ளே ஊறவைத்த காளான் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

மர்ஜெனா உட்காரவில்லை. கையில் கைக்குட்டை எட்டாக மடிந்து கிடந்தது. அலமாரிக்கு மேலே சுவரில் படக்கார்டுகள் ஒட்டியிருந்தன. நீலத் தண்ணீர், பனிமலை, சிவப்பு வீடு. பாட்டில் அவளை நோக்கி வந்தது. காலடியில் வரிசையாக நின்ற மூன்று பாட்டில்கள் ஞாபகம் வந்தன. நாலாவதுக்கு அந்தக் காரில் இடமில்லை.

"அதை வெச்சுடுங்க மேடம். நான் ஒண்ணு கேக்கப் போறேன்."

பெரிய சிஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. கதவு பாதி திறந்திருந்தது. வெளியே கெனியா போர்வைகளோடு, எங்கேயும் போகாமல், மூச்சுக்கூட விடாமல் நின்றாள்.

"கேக்காதீங்க சிஸ்டர்" என்றார் கஸிமியெரா. இப்போது குரலில் சர்க்கரை இல்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க கேட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேண்டியது வேலை செய்யற ஆளு. இன்னும் ரெண்டு மாசத்துல நீங்க போயிடுவீங்க. எலியெல்லாம் நான் நம்பறவ இல்ல. ஆனா இவ இருக்காளே, வெளியில நிக்கறா பாருங்க, இவ என்னை உயிரோட விட மாட்டா."

மர்ஜெனாவின் நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நின்றது. எனக்கு வேலை கொடுங்க. அவ்வளவுதான். ஜனவரி, விடுப்பு, திரும்பி வந்தால் ஓர் இடம், எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருந்தது. காரில் அக்கா காத்திருந்தாள். குழந்தை விலாவில் உதைத்தது.

"வேலை கேக்கல" என்றாள்.

"அப்புறம்?"

"வயிறு இல்லாம ஒருத்தி வந்தா, உக்கார வெச்சு ஏதேதோ கேப்பீங்க இல்ல? எங்க வேலை பாத்த, என்ன தெரியும்னு. அதை எங்கிட்டயும் கேளுங்க. இதைத்தான் கேக்கறேன். ஒரு மாசமா அலையறேன். ஜாம் எப்படின்னு கேட்டாங்க, காலு எப்படின்னு கேட்டாங்க, ஒருத்தரும் அதைக் கேக்கல. கேட்டு முடிச்சு இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. அதுக்கு எலி வராது, நான் வேலை கேக்கலையே."

வெளியே கெனியா ஏமாற்றத்தில் "ஐயோ, போச்சு" என்றது நன்றாகக் கேட்டது.

கஸிமியெரா பாட்டிலை மேஜையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதுவும் கர்ப்பிணி வாய்விட்டுக் கேட்டதுதான், இதையும் மறுக்க முடியாது என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, உட்கார்ந்து, எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"எங்க வேலை பாத்தீங்க?"

மர்ஜெனா சொன்னாள். நெஞ்சு நோய் வார்டு, அதற்குப் பிறகு தனியார் ஆஸ்பத்திரி. என்ன தெரியும் என்று கேட்டபோது, தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததையும் சொன்னாள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறாள், நினைவு தப்பின முதியவர்களோடு அதிகம் பழகியதில்லை.

"இங்க பாதிப்பேர் அப்படித்தான். ஒரு தாத்தா தினமும் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேப்பாரு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"நாளைக்குன்னு சொல்வேன்." அவர் சிரிக்கவில்லை. "ஆளைத் தூக்க முடியுமா?"

"இப்ப முடியாது. ராத்திரி டியூட்டியும் சட்டப்படி தரக்கூடாது. ஊசி, மருந்து, புண்ணுக்குக் கட்டு, ரத்தம் எடுக்கறது, சாப்பாடு ஊட்டறது, எல்லாம் பண்ணுவேன். உடம்பு ஒத்துழைக்கற வரைக்கும் வருவேன். ஜனவரியில இருந்து இருக்க மாட்டேன். அதை மறைச்சு என்ன ஆகப் போகுது."

"அப்புறம்?"

"அப்புறம் வருவேன்."

கஸிமியெரா தலையைத் தூக்காமல் பென்சிலால் சுவரைக் காட்டினார். "அந்தக் கார்டெல்லாம் பாத்தீங்களா? எல்லாரும் வருவேன்னு சொன்னவங்கதான். கடைசியா எடுத்தவ வயிறே இல்லாதவ. நார்வே மொழி வகுப்பு முடியற வரைக்கும் இருந்தா. இங்க தாத்தாவுக்கு மாத்திரை குடுத்துக்கிட்டே வாய்க்குள்ள வார்த்தை மனப்பாடம் பண்ணுவா. போனதும் ரொம்ப அழகா கார்டு போட்டா. நீங்க ஏன் போகல?"

மர்ஜெனா கையிலிருந்த கைக்குட்டையைப் பிரித்து மேஜையில் தடவி நேராக்கினாள்.

"என் வீட்டுக்காரர் ஜெர்மன் கம்பெனிக்கு லாரி ஓட்டறார், ஜெர்மனிக்கே வந்துடுன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கார். போயிருந்தா இந்நேரம் வேலை கிடைச்சிருக்கும். ஆனா ஒரு நோயாளி வலிக்குதுன்னு சொன்னா, எப்படி வலிக்குது, குத்துதா இழுக்குதா எரியுதான்னு நான் கேக்கணும். அவர் சொல்றது எனக்குப் புரியணும். வேற பாஷையில வலிக்குதான்னு மட்டும்தான் கேக்க முடியும். அது போதாது எனக்கு. வேற காரணம் சொல்லத் தெரியல மேடம். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன், நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்."

மேல் மாடியில் யாரோ மணியை அடித்தார்கள். அடித்துக்கொண்டேயிருந்தார்கள். போய்ப் பார்க்க ஆள் இல்லை என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. மர்ஜெனாவின் கால் தரையில் தானாகத் தாளம் போட்டது. இன்னும் இரண்டு முறை அடித்திருந்தால் அவளே எழுந்து போயிருப்பாள்.

"கெனியா" என்றார் கஸிமியெரா.

கெனியா உடனே உள்ளே வந்தாள். தட்டுகிற பழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை.

"மேல போய் அந்த மணியைப் பாரு. வர்றப்ப யூனிஃபார்ம் ஒண்ணு எடுத்துட்டு வா. இருக்கறதுலயே பெருசு."

கெனியா போர்வைகளை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினாள். அந்த வயதில் அந்த ஓட்டத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

"நிரந்தர வேலைக்குத்தான் ஒப்பந்தம் போடச் சொல்லுவேன்" என்றார் கஸிமியெரா. "டைரக்டர் கையெழுத்துப் போடணும். முனகுவார். ராத்திரி டியூட்டிக்கு ஆள் இல்லாம அவரையே உக்கார வெக்கறேன்னா போட்டுடுவார். திங்கக்கிழமை காலையில வாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், நீங்க கேட்டதுக்காகத் தரல. கேட்டது வேற, தர்றது வேற. எலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"இல்லைங்க."

"அதைக் கெனியாகிட்டயும் சொல்லிடுங்க."

கெனியா யூனிஃபார்மைக் கொண்டுவந்து கொடுத்தபோது மர்ஜெனா அதைச் சொன்னாள். கெனியா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வாசல் வரை கூடவே வந்து, "இனிமே என் துணி அறைக்கு ஒண்ணும் வராது பாரு" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

லுட்சினா காருக்கு வெளியே நின்றிருந்தாள். தங்கையின் கையில் பாட்டில் இல்லை என்பதை முதலில் பார்த்தாள். பிறகுதான் துணியைப் பார்த்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"வேலையத்தானே?"

"இல்ல. வேற ஒண்ணு."

"அடிப்பாவி! அப்புறம் இது என்ன?"

"திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. டைரக்டர் கையெழுத்துப் போட்டா."

லுட்சினா அந்த 'போட்டா'வைப் பிடித்துக்கொள்ளவில்லை. யூனிஃபார்மை வாங்கிக் காரின் முன்மூடியில் விரித்தாள். வெள்ளைத் துணி, பழசு, நன்றாக வெளுத்தது. அகலம் இருந்தது, மர்ஜெனாவின் வயிற்றுக்கு ஜனவரி வரை போதும். கீழ் ஓரத்தை மட்டும் பல்லால் அளந்து வெட்டினது மாதிரி ஒரு சாண் தூரத்துக்கு எலி கொறித்திருந்தது. லுட்சினா குனிந்து அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"இவங்க யாருக்கோ இல்லைன்னு சொல்லியிருக்காங்கடி" என்றாள்.

"வயல்ல அறுப்பு முடிஞ்சிருக்கு அக்கா."

"ஆமா, அப்படித்தான் சொல்வாங்க." நாடாவை ஓரத்தில் வைத்து இழுத்துப் பிடித்தாள். "ரெண்டு விரக்கடை வெட்டிட்டு மடிச்சுத் தெச்சா தெரியாது. முட்டிக்குக் கீழ வருமா? நேரா நில்லு. ஆடாத."

மர்ஜெனா நிற்கத்தான் பார்த்தாள். குளிர்காற்று மொட்டை வயலைத் தாண்டி வந்தது. டைரக்டர் முனகுவார் என்று சொன்னார்களே, எவ்வளவு முனகுவார் என்று கேட்டிருக்கலாம். வெள்ளை ஷூவை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. கட்டிலுக்கு அடியிலா, வால்டெக்கின் பெட்டிக்குப் பின்னாலா? பாதம் வீங்கியிருக்கிறது, நுழையுமா?

"ஆடாதேங்கறேன்" என்றாள் லுட்சினா, வாயில் குண்டூசியோடு.

"நான் ஆடல அக்கா. இவன்தான்."